குதிரையில் இருந்தவர் சந்தியோகுமையோர் அல்ல

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிடம். வெளியே மைனஸ் 24 பாகை. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 37. வானத்தில் ஒரு முகில் இல்லை. அந்த நிமிடத்தில் என் ஒரே மகன் யூட், மொன்றியலின் சென்ட் லோரன்டில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில், பதினாறு படிகளில் ஒன்பதாவது படியில் இருந்துவிட்டான்.

"அப்பா, கால் எழும்புதில்லை" என்றான்.

எனக்கு உடனே வந்தது கோபம். முப்பத்தொன்பது வயது ஆள். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவன். களைப்பைப் பெரிதுபடுத்துகிறான் என்று நினைத்தேன். "எழும்படா, சனம் பாக்குது" என்றேன். அவன் இரண்டு கைகளாலும் தன் வலது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான், மா மூட்டையை எடுத்து வைப்பதுபோல. அப்போதுதான் பயந்தேன்.

மறுநாள் வைத்தியசாலையில் சொன்னார்கள்: உடம்பின் காவல் படை வழி தவறித் தன் சொந்த நரம்புகளையே தின்கிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அனேகம் பேர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். சனிக்கிழமை இடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கைகள். திங்கட்கிழமை காலை 9.20க்கு மூச்சு. குழாயை வாய்க்குள் விட்டு இயந்திரத்தில் பூட்டினார்கள். அந்த இயந்திரம் நிமிடத்துக்குப் பதினான்கு தடவை அவனுக்காக மூச்சு விட்டது. நான் எண்ணினேன்.

எனக்கு எழுபத்தேழு வயது. அரச அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் புள்ளிவிபரப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவன். குடிசன மதிப்பீட்டுக்கு வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியவன். என் பிரிவில் ஒரு தலையும் தவறியதில்லை என்று மேலதிகாரி எழுதித் தந்தார். எண்ணாமல் சும்மா இருக்க எனக்கு வராது. எண்ணுகிறவனுக்கு இன்னொரு வருத்தமும் வரும்: எல்லாவற்றிலும் அழுக்குத் தெரியும். அந்த அறையில் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் ஒருமுறை தாதி ஒரு குழாயை விட்டு மகனின் சளியை உறிஞ்சி எடுப்பாள். அந்தச் சத்தம், அந்த மணம், சப்பாத்துகளிலிருந்து கரைந்து நிலமெங்கும் நிற்கும் உப்புத் தண்ணீர், காத்திருக்கும் அறையில் ஆரோ கடித்துப் பாதியில் வைத்துவிட்டுப் போன பாண் துண்டு. பெற்ற பிள்ளையின் சளியைப் பார்த்து அருவருத்தேன் என்று உங்கள் முன் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மொன்றியலுக்கு வந்து முப்பத்தொரு வருடங்களாக எங்கள் பங்குக் கோவிலில் கடைசி வாங்கில் இருந்து உங்களுடைய சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். தலையிடி மாறியதற்கும் வேலை கிடைத்ததற்கும் ஒலிவாங்கியைப் பிடித்து அழுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன். இப்போது நானே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. என் மனைவி மரியறோஸ், மகனின் மருத்துவ அட்டையின் பிரதியைத் தேடி மேசை லாச்சியை இழுத்தாள். அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு பலகைப் படம் கிடந்தது. கவசம் போட்ட ஒருவர் குதிரையில் இருக்கிறார். கையில் வாள். தலையைச் சுற்றித் தங்க வட்டம்.

அப்போஸ்தலர் யாகப்பரை, அதாவது சந்தியோகுமையோரை, எங்கள் ஆட்கள் எப்படி வணங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குதிரை, வாள், ஒளிவட்டம். மரியறோசுக்கு அது காணும்.

"இஞ்சாருங்கோ! சந்தியோகுமையோர் லாச்சிக்குள்ளை இருந்து வெளிக்கிட்டு வந்திருக்கிறார்!"

அந்தப் படம் எப்படி வந்தது என்பதை நான் அவளிடம் முன்பு சொல்லியிருக்கவில்லை. எதிர்வீட்டில் நீனா என்று எண்பத்தொரு வயது ருஷ்யப் பெண்மணி இருக்கிறாள். தை மாதம் தங்களுடைய நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, எனக்குக் கொண்டுவந்து தந்தாள். நன்றி சொல்லி வாங்கி, கதவைப் பூட்டியதும் லாச்சிக்குள் எறிந்தேன். வேறு சபைக்காரரின் படம் எனக்கு எதற்கு? அன்று அதை விளக்கி இருக்கலாம். மரியறோசின் முகத்தைப் பார்த்தேன். ஐந்து நாட்களுக்குப் பிறகு அதில் இரத்தம் ஓடியது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று மாலை மகனின் கட்டிலருகே, படத்தை அவன் நெஞ்சில் வைத்து, அவள் நேர்த்தி வைத்தாள். சத்தமாக வைத்தாள்.

"சந்தியோகுமையோரே, என்ரை பிள்ளையைத் தாரும். இவர், இவன்ரை தேப்பன், பதினொரு வீட்டிலை மடிப்பிச்சை எடுப்பார். அந்த அரிசியிலை சனத்துக்குச் சோறு குடுப்பம்."

"நானோ? நேர்த்தியை வைக்கிறது நீ, பிச்சை எடுக்கிறது நானோ?"

"எனக்கு முழங்கால் ஏலாது. உங்களுக்கு ஏலாதது வேறை ஒண்டு. அதைத்தான் வைச்சிருக்கிறன்."

"பதினொரு வீடு எது?"

"பழைய கட்டிடத்திலை எங்களோடை இருந்த பதினொரு வீடு."

அந்தப் பதினொன்றில் ஒன்று பீலிக்ஸின் வீடு. பீலிக்சும் நானும் இருபத்துநான்கு வருடங்களாகக் கதைப்பதில்லை. அவர்களுடைய நல்லது கெட்டது எதற்கும் நாங்கள் போவதில்லை, எங்களுடையதற்கு அவர்கள் வருவதில்லை. வீதியில் கண்டால் அவர் மற்றப் பக்கம் கடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நீனா ஒரு பானை சூப்போடு வந்தாள். மேசையில் மரியறோஸ் மின்சார மெழுகுதிரி கொளுத்தி, படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். நீனா சந்தோசத்தில் தங்கள் முறைப்படி வலமிருந்து இடமாகச் சிலுவை போட்டாள். "யாகப்பர்" என்று மரியறோஸ் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினாள்.

"யாகப்பரா? இல்லை, இல்லை. இது எங்கள் இளவரசர்" என்றாள் நீனா. என்னைச் சுட்டிக் காட்டினாள். "உன்னுடைய பெயர்தான் அவருக்கும். தபால் பெட்டியில் பார்த்தேன். எங்களில் ஒவ்வொருவருக்கும் தன் பெயருள்ள புனிதரின் படம் வீட்டில் இருக்க வேண்டும். உன் வீட்டில் இருக்காது என்று நினைத்தேன்."

என் ஞானஸ்நானப் பெயர் அலெக்சாண்டர். எண்ணூறு வருடங்களுக்கு முன் ருஷ்யாவில் மங்கோலியர் படையெடுத்து வந்த காலத்தில் வாழ்ந்த ஓர் இளவரசரைத்தான் மரியறோஸ் அப்போஸ்தலர் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

அவள் அழத் தொடங்கினாள். எனக்கோ, ஆண்டவர் மன்னிப்பாராக, உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆள் மாறிய நேர்த்தி செல்லாது. பதினொரு வாசலும் இல்லை. பீலிக்சும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பங்குத் தந்தையிடம் போனேன். மூன்று காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆள் மாறாட்டம். வேறு சபை. பிச்சை எடுக்க வேண்டியவனின் சம்மதம் பெறப்படவில்லை. அவர் என் மகனின் வயதுதான் இருப்பார். மூன்றையும் வாசித்தார்.

"ஐயா, அம்மா அழுதது ஆற்றை பிள்ளைக்கு?"

"எங்கடை பிள்ளைக்கு."

"ஆரிட்டைக் கேட்டவ?"

"படத்திட்டை."

"படம் கேக்குமே? ஆண்டவரிட்டைத்தானே கேட்டவ. தபால்காரன் மாறினால் கடிதம் போகாதோ?" என்றார். "உங்களை நான் கட்டாயப்படுத்தேல்லை. விருப்பமில்லாட்டி விடுங்கோ. ஆனால் சட்டம் கேட்டு என்னட்டை வராதேங்கோ. போறதெண்டால் சப்பாத்தோடை போங்கோ, வெறுங்காலோடை வேண்டாம்."

எனக்கு ஆத்திரம். அந்த இளவரசர் புனிதரே அல்ல என்று நிரூபித்தால் மரியறோஸ் தானாகவே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கார்ட்டியர்வில் நூலகத்தில் ஆங்கிலத்தில் ஒன்றும் பிரெஞ்சில் இரண்டுமாக மூன்று புத்தகங்கள் எடுத்தேன். காத்திருக்கும் அறையில், அகராதியோடு, எட்டு நாட்கள் வாசித்தேன். குற்றங்களைக் குறித்துக்கொள்ளத் தனிக் கொப்பி வைத்தேன்.

கொப்பி நிறைந்தது. இருபது வயதளவில் ஓர் ஆற்றங்கரையில் ஸ்வீடன்காரரை வென்றார். இரண்டு வருடம் கழித்து உறைந்த ஏரியின் மேல் ஜெர்மன் குதிரை வீரர்களை வென்றார். அதுவரை சரி. ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே கிழக்கே மங்கோலியர் வந்து நகரம் நகரமாக எரித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஓர் ஊரில் தேவாலயத்துக்குள் ஒளிந்த பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்தோடு சேர்த்து எரித்தார்கள். இவருடைய நொவ்கொரோட் நகரத்துக்குச் சில நாள் நடைதூரம் வரை வந்து, பனி உருகிச் சேறாகும் காலம் நெருங்கியதால் படை திரும்பியது. சேறு காப்பாற்றிய நகரம்.

பிறகு ருஷ்ய இளவரசர்கள் எல்லோரும் மங்கோலியக் கானின் கூடாரத்துக்குப் போய்க் குனிய வேண்டும் என்று ஆயிற்று. இரண்டு நெருப்புக்கு நடுவே நடக்க வேண்டும், முழங்காலில் விழ வேண்டும். வேறோர் இளவரசர் மாட்டேன் என்றார். அங்கேயே கொன்றார்கள். அவரை எனக்குப் பிடித்தது. சுத்தமான சாவு. எங்கள் ஆளோ குனிந்தார். அவருடைய தகப்பனை மங்கோலியர் விருந்துக்குக் கூப்பிட்டு நஞ்சு வைத்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த வருடமே மகன் அதே ஆட்களிடம் போனார். புல்வெளியும் பாலைநிலமும் தாண்டி மங்கோலியா வரை போய்வர இரண்டு வருடம். நாலு முறையோ ஐந்து முறையோ கானிடம் போயிருக்கிறார். புத்தகங்கள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மன்காரனை வாளால் அடித்தவர் மங்கோலியனுக்கு முன்னால் தவழ்ந்தார். 'தவழ்ந்தார்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பெப்ரவரி 21ஆம் திகதி மிக மோசமான பக்கத்துக்கு வந்தேன். அதற்கு முதல் நாள்தான் யூட்டின் கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாயை அதற்குள் மாற்றியிருந்தார்கள். கண் இமை மட்டும் அசையும். நான் அவன் பக்கத்தில் இருந்து வாசித்தேன்.

வரி போடுவதற்காக மங்கோலியர் தலை எண்ண வந்தார்கள். நொவ்கொரோட் மக்கள் எண்ண விடமாட்டோம் என்று எழும்பினார்கள். இளவரசரின் சொந்த மகனே மக்களோடு நின்றான். இவர் மகனைத் துரத்தினார். மகனுக்குப் புத்தி சொன்ன ஆட்களில் சிலருடைய மூக்கை அறுத்தார், சிலருடைய கண்ணைத் தோண்டினார். கடைசியில், எண்ண வந்தவர்களைத் தன் காவலோடு கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அவர்கள் வீடு வீடாக நின்று எழுதினார்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வரி.

இதுவா புனிதர் என்று புத்தகத்தை மூடினேன். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வைத்தியசாலை என்பதால் விழுங்கினேன். எண்ணுகிறவன் பிறத்தியானுக்காக எண்ணினால் என்ன நடக்கும் என்று எனக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை.

1999 தை மாதம். பழைய கட்டடத்தில் பன்னிரண்டு தமிழ் வீடுகள். எங்களையும் சேர்த்து. வாடகையில் சலுகை தந்து, படி கூட்டவும் குப்பை வைக்கவும் உரிமையாளர் என்னை அமர்த்தியிருந்தார். ஒரு நாள் ஒரு தாளைத் தந்தார். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். மற்ற வீடுகளில் நான்கு, ஐந்து. பீலிக்ஸின் இரண்டு அறை வீட்டில் ஏழு. அவர், மனைவி, தாய், அகதியாக வந்து வழக்கு முடியாத நான்கு தம்பிமார். 'ஐந்து என்று எழுதுங்கோ அண்ணை' என்று பீலிக்ஸ் நான் எழுதியதற்கு முதல் நாள் மாலை வந்து கேட்டார். நான் பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்றேன். மூன்று நாளில் உரிமையாளர் அவர்களைப் போகச் சொன்னார். சட்டப்படி அப்படி அனுப்ப முடியாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழக்கு முடியாதவர்கள் சத்தம் போடப் பயந்து போனார்கள். மெத்தைகள் பனிக்குள் கிடந்தன. நான் யன்னலால் பார்த்தேன். உண்மையைத்தானே எழுதினேன் என்று இருபத்துநான்கு வருடம் சொல்லிக்கொண்டேன். கச்சேரியில் பழகிய கை, அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

அந்த இளவரசராவது ஊரை எரியாமல் காக்க எண்ண விட்டார். நான் வாடகைச் சலுகைக்காக எண்ணினேன்.

மிச்சப் பக்கங்களை அன்றே வாசித்தேன். சில வருடங்கள் கழித்துப் பல ஊர்களில் மக்கள் எழும்பி வரி வசூலிக்க வந்தவர்களை அடித்துக் கலைத்தார்கள், சிலரைக் கொன்றார்கள். கானின் படை வந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இளவரசர் மறுபடி போனார். மன்னிப்புக் கேட்டார். குளிர்காலம் முழுக்க அவரைத் திரும்ப விடாமல் வைத்திருந்தார்கள். படை வரவில்லை. அவர் நோயோடு திரும்பினார், தன் ஊர் வந்து சேரவில்லை. நாற்பத்திரண்டோ நாற்பத்துமூன்றோ வயது. வழியில் ஒரு சிற்றூரில் துறவி உடை வாங்கிப் போட்டுக்கொண்டு செத்தார். மூக்கு அறுத்ததை இது அழிக்குமா? எனக்குத் தெரியாது. அது ஆண்டவரின் கணக்கு. குற்றக் கொப்பியில் எழுத எனக்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

யூட்டின் காதருகே போய், "ஆண்டவரே, நான் எண்ணினது பிழை. இவனைத் தாரும்" என்றேன். நான் வாழ்க்கையில் செய்த மிகச் சிறிய செபம் அதுதான்.

பெப்ரவரி 24 தொடக்கம் வெளிக்கிட்டேன். மரியறோஸ் ஒரு வெள்ளைத் துணியைப் பையாகத் தைத்துத் தந்தாள். "கையை நீட்டாதேங்கோ, மடியை ஏந்துங்கோ" என்று பழக்கினாள். குளிர்ச் சட்டைக்கு மேலே ஏது மடி? துணியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தேன்.

அருவருப்பு என்றால் என்ன என்று அந்த ஒரு கிழமை படித்தேன். முதல் வீட்டில் ஒரு பிள்ளை என்னைக் கண்டதும் அழுதது. பரவாயில்லை. மூன்றாம் வீட்டில், "அங்கிள், அரிசி இல்லை, நாங்கள் இப்ப கீன்வாதான். காசா ஈ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பட்டோ?" என்றார்கள். கடைக்குப் போய் வாங்கி வரும்வரை வாசலில் நின்றேன். நான்காம் வீட்டுக்காரர் தன் தொலைபேசியில் படம் பிடித்தார். ஆறாம் வீட்டு அரிசியில் வண்டு. எண்ணினேன், பதினேழு. எட்டாம் வீட்டில் ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்து, "அம்மா, ஒரு ஏழை வந்திருக்கிறார்" என்று பிரெஞ்சில் உள்ளே கத்தினாள். தாய் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். பிள்ளை சொன்னதில் பிழை இல்லையே.

மார்ச் 1ஆம் திகதி யூட்டுக்கு நெஞ்சுச் சளி காய்ச்சலானது. 39.8. வைத்தியர் யூட்டின் மனைவியை, எங்கள் மருமகளை, தனியே கூப்பிட்டுக் கதைத்தார். அவள் திரும்பி வந்து யூட்டின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். மார்ச் 3இல் பத்தாம் வீடும் முடிந்தது.

மார்ச் 4, சனிக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டியது. பீலிக்ஸ் இப்போது இல்-பிசாரில் தனி வீடு வாங்கி இருக்கிறார். மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும். பாலம் தாண்டி இறங்கி, வழிக்காத நடைபாதையில் முழங்கால் வரை பனிக்குள் நடந்தேன். அவர் வாசலுக்கு இருபது அடி இருக்க, தொலைபேசி அடித்தது. மருமகள்.

"மாமா, காய்ச்சல் இறங்கிட்டுது. முப்பத்தேழு அஞ்சு. காலமை மெசினைக் கழட்டிப் பாத்தவை. நாப்பது நிமிசம் தானாய் மூச்சு விட்டவர். விரலும் ஆட்டினவர் மாமா, நான் கண்டனான்."

நான் பனிக்குள் நின்று அழுதேன். மூக்கும் ஒழுகியது. துடைக்கப் பிச்சைப் பைத் துணிதான் இருந்தது.

பிறகு நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். அழுது முடிந்த அடுத்த நிமிடம், இனி இந்த வாசல் தேவையா என்று யோசித்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. பத்து வீட்டு அரிசி போதாதா? ஒரு வீட்டில் இரண்டு தரம் வாங்கினேன் என்று சொன்னால் மரியறோஸ் எங்கே கண்டாள்? அடுத்த பஸ் முப்பத்தேழு நிமிடத்தில். திரும்பி நான்கு அடி வைத்தேன்.

என்னை நிறுத்தியது பக்தி என்று சொல்ல ஆசை. அருவருப்புத்தான் நிறுத்தியது. கடையில் மிச்சக் காசு கூடுதலாக வந்தால் பேசாமல் நழுவுகிற ஆட்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அந்த ஆளாக நான் பனிக்குள் நின்றேன். என் மணமே எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய் மணியை அடித்தேன்.

இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். துணியை விரித்தேன்.

"பிள்ளை, என்ரை மகனுக்கு நேர்த்தி. மடிப்பிச்சை போடுங்கோ."

அவளுக்கு விளங்கவில்லை. "பப்பா!" என்று உள்ளே கூப்பிட்டாள். பீலிக்ஸ் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னையும் துணியையும் பார்த்தார்.

"என்ன, எண்ண வந்தனீரோ? உள்ளுக்கை மூண்டு பேர். எழுதிக்கொள்ளும்."

முன்பு என்னை நீங்கள் என்பார். நான் துணியை இறக்கவில்லை. "யூட்டுக்குச் சுகமில்லை. நேர்த்தி" என்றேன்.

"கேள்விப்பட்டன். பெடிக்கு நானும் செபமாலை சொன்னனான், தேப்பனுக்காக இல்லை." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "பத்து வீடு போனீராம். எல்லாரும் எனக்குப் போன் அடிச்சுச் சொன்னவை. இஞ்சை வரமாட்டீர் எண்டு மனிசியோடை பந்தயம் பிடிச்சனான். தோத்துப்போனன்."

"பீலிக்ஸ், நான் அண்டைக்கு எழுதினது பிழை."

"பிழைதான். எப்பிடிப் பிழை எண்டு தெரியுமே உமக்கு? ஏழு எண்டு எழுதினீர். எட்டு." மகளைக் காட்டினார். "இவள் அப்ப தாயின்ரை வயித்திலை மூண்டு மாதம். கச்சேரியிலை வேலை பாத்த மனிசன், ஒழுங்கா எண்ணவும் தெரியேல்லை."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். வாசற் படியில், பனிக்குள், இரண்டு முழங்காலும் பட்டன. மரியறோசின் நேர்த்தியில் முழங்கால் இல்லை. இது நான் போட்டது.

"எழும்பும், எழும்பும்! அயலுக்கை எல்லாம் வெள்ளைக்காரர். நான் கிழவனை அடிக்கிறன் எண்டு பொலிசுக்கு அடிப்பாங்கள்" என்று பீலிக்ஸ் என் கையைப் பிடித்துத் தூக்கினார். "பிள்ளை, அரிசி கொண்டு வா. அரிசி அளக்கிற அந்தப் பெரிய சுண்டாலை. எட்டுச் சுண்டு போடு. எண்ணிப் போடு, இவர் பாப்பார்."

அவள் எட்டுச் சுண்டு போட்டாள். நான் எண்ணவில்லை. அவள் சத்தமாக, பிரெஞ்சில் எண்ணினாள்.

"மன்னிச்சிட்டீரோ?" என்று கேட்டேன்.

"சும்மா மன்னிக்க நான் என்ன சுவாமியே? அரிசி பிள்ளைக்கு. எங்கடை கணக்கு வேறை. பேந்து பாப்பம்." கதவைச் சாத்தினார். நான் மூன்று அடி போயிருப்பேன், திரும்பத் திறந்தார். "பஸ் இனி அரை மணித்தியாலத்துக்கு வராது. காருக்கை ஏறும்."

மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டார்.

மார்ச் 17இல் இயந்திரத்தை முற்றாகக் கழற்றினார்கள். மே மாதம் யூட் கம்பியைப் பிடித்து நின்றான். ஜூன் 14, புதன்கிழமை வீட்டுக்கு வந்தான். பதினாறு படியையும் ஐந்து தரம் ஆறி ஏறினான். மருந்தும் வைத்தியர்களும் தாதிகளும் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் ஆண்டவர் தந்த ஆட்கள்தான். ஆனால் நான் கேட்டேன், தரப்பட்டது. வாசல் மணியை அடிக்கும் முன்பே தரப்பட்டது. அதை எந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் சோறு கொடுத்தோம். நீங்களும் வந்து சாப்பிட்டீர்கள். நீனாவும் வந்தாள். கறியின் உறைப்பில் அழுதுகொண்டு இரண்டாம் தரமும் வாங்கினாள். இளவரசரின் படம் இப்போது எங்கள் வீட்டில் சந்தியோகுமையோருக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருவருக்கும் குதிரை. மரியறோஸ் இருவருக்கும் ஒரே மெழுகுதிரிதான் வைக்கிறாள்.

நான் பெரிதாக மாறிவிடவில்லை. பஸ்ஸில் இருமுகிறவனைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்புகிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அதே வைத்தியசாலைக்குப் போகிறேன். ஆட்கள் வராத நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், சளி எடுக்கும்போதும் எழும்பிப் போவதில்லை. உங்களில் ஒருவருக்கு இன்று கட்டிலில் பிள்ளை கிடந்தால், வெட்கப்படாமல் கேளுங்கள். செபிக்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். படம் மாறினாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு, எந்த வாசலுக்குப் போகவே கூடாது என்று வைத்திருக்கிறீர்களோ அங்கே போங்கள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்று மண்டபத்தில் பீலிக்ஸ் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். கை கழுவி வந்து, மடித்த தாளொன்றை என் முன் வைத்தார். 1999 தையில் வீட்டை விட்டுப் போனதற்கு அவருக்கு ஆன செலவு. மோட்டலில் இரண்டு அறை, ஒன்பது இரவு, அறைக்கு நாற்பத்திரண்டு. லொறி எண்பத்தைந்து. நனைந்து எறிந்த மெத்தை இரண்டு, நூற்றிருபது. கீழே 957 என்று கூட்டியிருந்தார். நான் பேனையை எடுத்து இரண்டு தரம் சரிபார்த்தேன்.

"நாலு டொலர் குறைவாப் போட்டிருக்கிறீர்" என்றேன்.

"அப்ப அதையும் சேர்த்துத் தாங்கோ அண்ணை" என்றார்.

961 டொலர்.